பட்டினி கிடந்த பெரிய நாய்க்கு முதல் நாளே வயிறு நிறையப் போடாதீர்கள்

கட்டிப்போட்ட இடத்திலேயே மாதக்கணக்கில் கிடந்து எலும்பும் தோலுமாகிப்போன கிரேட் டேனையோ செயின்ட் பெர்னார்டையோ புது வீட்டில் சேர்க்கிறீர்களா? முதல் தவறு பாசத்தில்தான் நடக்கிறது. வந்த அன்றே கிண்ணம் நிறையக் கறி வைத்துவிடுகிறார்கள்.

நெடுநாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் இன்சுலின் ஏறி, ரத்தத்தில் இருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் போய்விடும். தசை தளரும், வலிப்பு வரும், இதயமே நின்றுபோகலாம். பட்டினியில் பிழைத்தது சாப்பாட்டில் சாவது எவ்வளவு கொடுமை! அதனால் முதலில் டாக்டர், ரத்தப் பரிசோதனை, அப்புறம்தான் கிண்ணம். கிலோவில் இப்போதைய எடையை 30ஆல் பெருக்கி 70 கூட்டுங்கள்; சும்மா படுத்துக் கிடக்கும் நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டிய கலோரி அதுதான். 40 கிலோ நாய்க்கு 1270 கலோரி வரும். முதல் நாள் அதில் கால் பங்கு போதும், சுமார் 320, அதையும் 4 முதல் 6 வேளையாகப் பிரித்து. பிறகு டாக்டர் சொல்கிறபடி ஒரு வாரம் பத்து நாளில் மெல்ல ஏற்றலாம்.

உடம்பு தேறிய பிறகும் ஒரே வேளையில் கொட்டாதீர்கள். நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றில் உப்பி முறுக்கிக்கொள்ளும். எதுவும் வெளியே வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தால், எச்சில் வடிந்தால், வயிறு மத்தளம் போல விம்மினால், ராத்திரி எத்தனை மணியானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். விடியட்டும் என்றிருந்தால் நாய் மிஞ்சாது.

கழுத்தை முடிக்கு அடியில் விரல்விட்டுத் தடவிப் பாருங்கள். குட்டியில் மாட்டிய பெல்ட் தோலுக்குள் புதைந்து சீழ் பிடித்திருக்கலாம்; வீட்டில் இழுத்து எடுக்கக் கூடாது. முழங்கை வெறுந்தரையில் அழுந்தி அழுந்தி முடி உதிர்ந்து காய்ப்புக் காய்த்திருக்கும், சிலதுக்கு நீர் கோத்துப் பந்து மாதிரி தொங்கும். ஊசி குத்தி நீரை எடுக்க முயலாதீர்கள், கிருமி உள்ளே போகும். தடிமனான மெத்தைதான் முதல் மருந்து.

காவலுக்கு வேண்டும் என்று கேட்பவரிடம் தயவுசெய்து கொடுக்காதீர்கள், மறுபடி சங்கிலிதான். தோட்டம் இருக்கிறதா என்பதைவிட, இது எழ முடியாமல் விழுந்தால் தூக்க வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்களா என்று கேளுங்கள்.

பயந்த நாய் பின்னால் இழுத்து பெல்ட்டிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். ஆகவே நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸும் கழுத்து பெல்ட்டும் இரண்டும் போட்டு, தனித்தனிக் கயிறு.

முதல் சில நாள் மூலையில் அசையாமல் கிடக்கும். 'எவ்வளவு சாது' என்பார்கள். சாது இல்லை, பயம். சில வாரத்தில் அது தெளிந்ததும், கிண்ணத்துக்குப் பக்கத்தில் குழந்தை போனால் உறுமலாம். அடிக்காதீர்கள், அடித்து உறுமலை நிறுத்தினால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். அது சாப்பிடும்போது அறைக் கதவைச் சாத்திவையுங்கள், போதும்.

நாயை வாங்கிப்போகிறவர்களிடம், வளர்க்க முடியாவிட்டால் விற்காமல், வேறு யார் தலையிலும் கட்டாமல் உங்களிடமே திருப்பித் தரவேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அப்படித் திரும்பி வந்தால் அவர்களைத் திட்டாதீர்கள். திட்டு விழும் என்ற பயம் இருந்தால், இருட்டில் எங்காவது இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.