7 மணி நேரம் காத்திருந்தாராம், பாவம்

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். லண்டனில் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர் ஒருவரை, கணுக்கால் சுளுக்குக்கு அங்கே எமர்ஜென்சியில் 7 மணி நேரம் உட்கார வைத்தார்களாம். சென்னையில் இறங்கிய அன்றே எம்ஆர்ஐ எடுத்து, டாக்டரையும் பார்த்து, ராத்திரி பரோட்டாவும் சாப்பிட்டுவிட்டாராம். ‘இப்ப சொல்லுங்க, எது வளர்ந்த நாடு?’

சொல்கிறேன். பவுண்டில் சம்பளம் வாங்கி ரூபாயில் ஸ்கேன் எடுப்பவருக்கு எல்லாமே வளர்ந்த நாடுதான்.

நானும் லண்டனில்தான் இருக்கிறேன். இங்கே அரசு மருத்துவமனையில் வரிசை இருக்கிறது. மோசமான வரிசை. 4 மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்கும் இலக்கை இங்கிலாந்து எட்டி வருடக்கணக்காகிறது. 1,000 பேருக்குச் சுமார் 2.5 படுக்கைதான், ஜெர்மனியில் 7-க்கு மேல். அதற்காக அரசைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் இந்த வரிசையில் முதலில் உள்ளே போவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவர். சுளுக்கு உட்காரத்தான் வேண்டும். நம்மூர் தனியார் ஆஸ்பத்திரியில் கூட்டமே இல்லையென்றால், வரவேண்டிய பாதிப்பேர் பில்லுக்குப் பயந்து வாசலுக்கே வரவில்லை.

1962-ல் இங்கே போட்ட மருத்துவமனைத் திட்டத்தில், ஒன்று முதல் ஒன்றரை லட்சம் பேருக்கு 600 முதல் 800 படுக்கைகளோடு ஒரு பொது மருத்துவமனை என்று கணக்குப் போட்டார்கள். நம் அரசிடமும் கணக்கு உண்டு: சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். தனியாருக்கு என்ன கணக்கு? காசு புழங்கும் இடத்தில் கட்டிடம் எழும்பும், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி, ஊரில் பைபாஸ் ரோட்டில் இருக்கும் ஒரு பளபளப்பான தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். ‘முதல்ல அட்வான்ஸ் கட்டுங்க.’ நான் இங்கிருந்து பணம் அனுப்ப, ஓடிபி வராமல் மல்லாடிக்கொண்டிருந்தேன். அவர் ஸ்ட்ரெச்சரிலேயே கிடந்தார். கடைசியில் 108-ஐக் கூப்பிட்டு அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு ரூபாய் கேட்கவில்லை. பிழைத்தார்.

‘புற்றுநோய்க்கே அங்கே மாதக்கணக்கில் காக்க வைக்கிறார்களே’ என்பீர்கள். உண்மைதான், கொடுமைதான். ‘லண்டனில் உட்கார்ந்து வெள்ளைக்காரனுக்கு ஜால்ரா போடுகிறாய்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, நான் ஜால்ரா போடுவது நம்மூர் ஜி.எச்.சுக்கு. நீங்கள் கடைசியாக அதன் உள்ளே எப்போது போனீர்கள்? அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-ல் வந்த பிறகு. பெருமைப்பட இதெல்லாம் இருக்கிறது. ஏசி லாபி பின்னணியில் தெரியாததால் வீடியோ எடுக்க யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

இத்தனைக்கும் மேல், அந்த வீடியோவுக்கு என் பெரியப்பா மகன் ஹார்ட் போட்டிருக்கிறான். அன்று ராத்திரி அட்வான்ஸ் கவுன்ட்டரில் நின்று கெஞ்சியவன் அவன்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது நேரிலேயே கேட்டுக்கொள்கிறேன்.