பதினைந்தாவது சீர்

குறுந்தொகையின் மூன்றாம் பாடலை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு அடிகளோடு நிறுத்திவிடுகிறார்கள். நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழமானது. மேடைக்கு இது போதும், பாட்டுக்குப் போதாது. புலவர் தேவகுலத்தார் நான்கே அடிகளில் செய்திருப்பதை முழுதாகப் பாருங்கள்:

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே

மலைச்சாரலில் கரிய காம்புள்ள குறிஞ்சியின் பூக்களைக் கொண்டு தேனீக்கள் பெருந்தேன் சேர்க்கும் நாட்டை உடையவனோடு நான் கொண்ட நட்பு என்பது பின்னிரண்டு அடிகளின் பொருள். யாப்பு, அதாவது செய்யுள் அமைப்பு, நேரிசை ஆசிரியப்பா. ஈற்றயலடிக்கு, அதாவது கடைசிக்கு முந்தைய அடிக்கு, மூன்று சீர், மற்ற அடிகளுக்கு நான்கு, மொத்தம் 15. பாட்டுக்கு இப்படிப் பெயர் சூட்டியதுமே யாப்பு முடிந்துவிட்டதாகவும், இனிமேல்தான் பொருள் தொடங்குவதாகவும் நினைப்பது எனக்கு உடன்பாடில்லை. இந்தப் பாட்டின் உணர்ச்சி முழுவதும் யாப்பில்தான் குடியிருக்கிறது.

எது பெரிது என்பதைப் பாட்டில் பேசும் காதலியான தலைவி 14 சீர்கள் வரை சொல்வதே இல்லை. 'நட்பே' கடைசிச் சீர். அதுவரை நாம் காத்திருக்கிறோம்.

இரண்டாம் அடியின் முடிவுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். 'இன்றே' என்றதும் பேச்சு ஒரு நிறுத்தத்துக்கு வந்துவிடுகிறது. ஆனால் அடி நிறைய இன்னும் ஒரு சீர் வேண்டும். அங்கே 'சாரல்' வந்து அமர்கிறது. மண், விண், நீர் என்று விரிந்த பார்வை, அடி முடிவதற்குள் ஒரு மலைச்சரிவில் இறங்கிவிடுகிறது. அடுத்த அடியில் ஒரு சீர் குறைகிறது. காட்சியும் ஒரு கருங்காம்பின் அளவுக்குச் சுருங்குகிறது. 'கருங்கோல்', 'பெருந்தேன்' என்னும் எதுகை காம்பையும் தேனையும் சேர்த்துக் கட்டுகிறது. தேனீயின் பெயர்கூட வரவில்லை, இழைக்கும் வேலை மட்டும் நடக்கிறது. நாடனின் முகமும் தோளும் சொல்லப்படவில்லை. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் மலரும் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால், இந்தத் தேனின் அருமை இன்னும் கூடுகிறது. வானத்தின் உயரத்தை யாரும் உவமையாக்கிவிடலாம்; இந்தத் தேனைச் சொல்ல அந்த மலையை அறிந்திருக்க வேண்டும்.

இது தனிமையில் மயங்கிப் பாடிய பாட்டும் அல்ல. தோழி தலைவனைப் பழிக்கிறாள், தலைவி மறுக்கிறாள், அவன் மறைவில் நின்று கேட்கிறான் என்கிறது பாட்டின் சூழலைச் சொல்லும் பழைய துறைக்குறிப்பு. இன்னும் மணம் முடியவில்லை. ஆகவே இந்தப் பெருமிதத்துக்கு அடியில் ஒரு பதற்றமும் ஓடுகிறது. பெரிதே, இன்றே, நட்பே என்று மூன்று ஏகாரங்கள். கடைசி ஏகாரத்தைத் தனிப்பொருள் இல்லாத ஈற்றசை என்று இலக்கணம் ஒதுக்கலாம். வாதாடும் ஒரு பெண்ணின் குரலில் அது எனக்குத் தேற்றமாகவே, உறுதியாகச் சொல்வதாகவே கேட்கிறது.