முப்பது விநாடியில ஒரு செண்டுக்குத் தீர்ப்பா?

முதல்ல அந்த டெஸ்டர் அட்டையைக் கீழ வைங்க. செண்ட் கவுண்டர்ல தினமும் நடக்குற அநியாயம் இது. அட்டையில ஒரு அடி, ஈரம் காயறதுக்குள்ள மூக்குகிட்ட நீட்டி, "எப்படி இருக்கு மேடம்?" எப்படி இருக்கும்? ஆல்கஹால் நெடிதான் இருக்கும். அதை மோந்துட்டு "தலை வலிக்குது", இல்லன்னா "ஒண்ணுமே வரல". உடனே அடுத்த பாட்டில். எலுமிச்சை, ஆரஞ்சு தூக்கலா இருக்குற செண்டுக்கு இந்த அவசரம் ஓரளவு பரவாயில்ல. கஸ்தூரியும் பூவும் கலந்ததை இப்படிப் பாத்தா, அதைப் பாக்கவே இல்லைன்னுதான் அர்த்தம்.

இந்த வகைக்கு 'நார்சிஸோ ரோட்ரிகஸ் ஃபார் ஹர்'ங்கிற செண்டை எடுத்துக்குங்க. 2003-ல கிறிஸ்டின் நாஜெல், ஃபிரான்சிஸ் குர்க்ஜியான்னு ரெண்டு செண்ட் நிபுணர்கள் சேர்ந்து பண்ணினது. கறுப்பு பாட்டில் ஈடிடி, அதாவது 'ஓ தெ துவாலெத்', வாசனைச் சரக்கு கம்மியா இருக்குற வகை. ரோஸ் பாட்டில் 2006-ல வந்த ஈடிபி, 'ஓ தெ பர்ஃபம்', சரக்கு கூடுதலா இருக்குற வகை. ரெண்டும் ஒண்ணு இல்ல, ஈடிபியில ரோஜா முன்னால வரும். ஈடிடியில ஆரஞ்சுப்பூ கொஞ்ச நேரம் தலைகாட்டும். அரைமணி, முக்கால் மணி போகட்டும். வெயில்ல காஞ்ச பருத்திப் புடவையை மடிக்கும்போது வர்ற மாதிரி ஒரு சுத்தமான சூடு தோலோட ஒட்டிக்கிட்டு எழும்பும், அடியில லேசா மண் வாசம். நீங்க காசு குடுக்கிறது அதுக்குத்தான். அது வர்றதுக்குள்ள கடையை விட்டே போயாச்சு, "சுமார்தான்"னு ரிவ்யூவும் போட்டாச்சு!

காரணம் ரொம்ப எளிசு. ஆரஞ்சுத் தோல்ல இருக்குற லிமோனீனோட மூலக்கூறு எடை 136. இந்த மாதிரி செண்டுகள்ல அதிகம் போடுற கேலக்ஸோலைடுங்கிற செயற்கைக் கஸ்தூரிக்கு 258. கனமானது மெதுவாத்தான் ஆவியாகும். துணியில அடிச்சா மறுநாளும் இருக்கும். இதே சரக்கைத்தான் பல வருஷமா சோப்புத்தூள்லயும் துணி கண்டிஷனர்லயும் போட்டு நம்ம மூக்கைப் பழக்கிட்டாங்க. அதனாலதான் "சலவை வாசம் அடிக்குது"ன்னு சொல்றீங்க. சொல்றது தப்பில்ல, ஆனா அதை வச்சு மட்டமான சரக்குன்னு முடிவு கட்டுறது தப்பு.

அப்புறம் அந்தப் பெரிய புகார், "நிக்கவே மாட்டேங்குது." இங்கதான் ரத்தம் கொதிக்குது. கஸ்தூரி வகையில ஒண்ணு ரெண்டு சிலர் மூக்குக்கு எட்டவே எட்டாது. அது பிறவியிலயே அப்படி. ஒரு கஸ்தூரி தெரியாதவங்களுக்கு இன்னொண்ணு நல்லாத் தெரியும். எட்டுற மூக்கும் விடாம மோந்துக்கிட்டே இருந்தா மரத்துடும். உங்களுக்குத் தெரியல, பக்கத்துல இருக்கிறவங்களுக்கு நல்லாவே தெரியுது! இது புரியாம எட்டு அடி, பத்து அடி அடிச்சுக்கிட்டு லிஃப்ட்ல ஏறினா மத்தவங்க மூச்சை அடக்கிக்கிட்டு நிக்கணுமா? வாசம் போயிடுச்சான்னு சந்தேகம் வந்தா பாட்டிலைத் தொடாதீங்க. வீட்ல ஒருத்தர்கிட்ட ரெண்டு மணி நேரம் கழிச்சுக் கேளுங்க.

விக்கிறவங்க பங்கும் கம்மியில்ல. "ஒரிஜினல் கஸ்தூரியா?"ன்னு கேட்டா கூசாம "ஆமா"ங்கிறாங்க. கஸ்தூரி மான் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு, அதை விக்கிறதே குற்றம். இன்னிக்கு இந்த செண்டுகள்ல இருக்கிறதெல்லாம் ஆலையில செஞ்சது. அதைச் சொல்ல என்ன வெக்கம்?

டப்பாவுல மல்லின்னு போட்டிருந்தா நம்ம ஆளுங்க குண்டுமல்லியைத் தேடுறாங்க. ராத்திரி தலையில வச்ச சரம், காலையில தலையணையில வாடிக் கிடக்கும்போது ஒரு கனத்த, லேசா அழுகின வாசம் வருமே, அதுல பூவுல இருக்குற இண்டோல்ங்கிற வேதிப்பொருளுக்குப் பெரிய பங்கு. இப்ப வர்ற கஸ்தூரிப் பூ செண்டுகள்ல பெரும்பாலும் அந்த இண்டோலைக் குறைச்சுட்டு, லேசான மல்லி வாசம் தர்ற ஹெடியோன்ங்கிற செயற்கைச் சரக்கைப் போடுவாங்க. 1966-ல 'ஓ சவாஜ்'ங்கிற டியோர் செண்ட் மூலமா பேர் வாங்கினது அது. மல்லியோட காத்தோட்டம் மட்டும் இருக்கும், சதை இருக்காது. சரம் வாசம்தான் வேணும்னா அத்தர் கடைக்குப் போங்க. இதை ஏமாத்துன்னு திட்டாதீங்க.

சரி, எப்படிப் பாக்கணும்? வேற வாசம் எதுவும் இல்லாத கையோட போங்க, ஹேண்ட் க்ரீம் கூட வேணாம். மணிக்கட்டுல ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு ஒரே அடி. தேய்க்காதீங்க. மூலக்கூறு நசுங்கிடும்ங்கிறது கட்டுக்கதை, ஆனா தேய்க்கிற சூட்டுல மேல் வாசம் சீக்கிரம் பறந்துடும். ஒரு கைக்கு ஒரு செண்ட், ஒரு நாளைக்கு ரெண்டு போதும். காப்பிக்கொட்டை டப்பாவை நீட்டுவாங்க, வேணாம்னுடுங்க, அதுவும் ஒரு வாசம்தான். வெளிய வந்து சும்மா காத்தை மோந்து விடுங்க. கையைப் பத்து நிமிஷத்துல ஒரு தடவை, முக்கால் மணியில ஒரு தடவை, நாலு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை மோந்து பாருங்க. நடுவுல கையை மூக்குலயே வச்சுக்கிட்டு இருக்காதீங்க. வறண்ட தோலா இருந்தா வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவிட்டு இன்னொரு நாளும் போட்டுப் பாருங்க. பழைய பருத்தித் துணியில ஒரு அடி அடிச்சு மறுநாள் காலையில மோந்து பாருங்க. பட்டுல மட்டும் வேணாம், கறை விழும்.

மறுநாள் துணியில வர்றது பிடிச்சிருந்தா வாங்குங்க. போட்டுக்க ரெண்டு அடி, கழுத்துல ஒண்ணு, சட்டைக்குள்ள நெஞ்சுல ஒண்ணு.