டே பாலம்: புயல் பாதிதான்
1879-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து பற்றிய கட்டுரையில், டிசம்பர் 28 இரவு டே ஆற்றின் மேலிருந்த ரயில் பாலம் விழுந்ததற்குப் புயலை மட்டும் காரணம் சொல்லியிருக்கிறீர்கள். அது பாதிதான். தூண்களை இழுத்துப் பிடிக்கும் குறுக்குப் பட்டைகளை மாட்டிய காதுகள் (துளையிட்ட நீட்டங்கள்) தூணோடு சேர்த்தே வார்க்கப்பட்டவை. வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும். இழுத்தால் பட்டென்று உடையும். போல்ட் துளைகளும் கூம்பாக இருந்ததால் பாரம் ஒரே விளிம்பில் ஏறியது. வார்ப்பில் விழுந்த பொத்தல்களைத் தேன்மெழுகு, ரோசின் பிசின், இரும்புத்தூள், விளக்குக்கரி கலந்து அடைத்துவிட்டார்கள். மேலே பார்த்தால் தெரியாது. வடிவமைத்த தாமஸ் பௌச் காற்றழுத்தத்துக்கென்று தனிக் கணக்கே போடவில்லை. நடுவில் உயர்ந்திருந்த 13 கண்களும் (தூணுக்குத் தூண் உள்ள பாகங்கள்) அப்போது மேலே போன ரயிலோடு தண்ணீருக்குள் போயின. அந்த ரயிலின் இன்ஜின் எண் 224-ஐ மேலே தூக்கி, பழுதுபார்த்து, 1919 வரை ஓட்டினார்கள்!