‘உளமார’ என்று சொல்லிப் பதவியேற்றாலும் செல்லும்

‘கடவுள் பெயரைச் சொல்லாமல் பதவிப் பிரமாணம் எடுத்தால் அந்தப் பதவியே செல்லாது.’ நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், தக்கலை பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தத் தகவல் தவறு.

பதவிப் பிரமாண வாசகங்களைத் தரும் அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையிலேயே இரண்டு வழியும் இருக்கிறது. கடவுள் பெயரால் ஆணையிடலாம்; ‘உளமார’ உறுதி கூறலாம். எது என்பது பதவியேற்பவரின் விருப்பம். 2021 மே 7-ல் மு.க. ஸ்டாலின் முதல்வராகப் பதவியேற்றதும் ‘உளமார’ என்று சொல்லித்தான்.

அப்புறம் எது செல்லாது? களியக்காவிளை தாண்டினால் கேரளம். அங்கே 2001-ல் ஓர் எம்.எல்.ஏ., கேரளத்தின் ஆன்மிக குருவும் சமூகச் சீர்திருத்தவாதியுமான நாராயண குருவின் பெயரால் உறுதியெடுத்தார். சட்டத்தில் இல்லாத மூன்றாவது வாசகம் என்பதால் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. குருவைப் போற்றும் நம் மாவட்டத்துக்காரர்கள் பலருக்கு வருத்தமாக இருக்கும்தான், ஆனால் சட்டம் அப்படி.

அந்தத் தகவல் உங்களுக்கு வந்திருந்தால், அனுப்பியவருக்கே இதைத் திருப்பி அனுப்புங்கள்.