மேஸ்திரிக்கு இன்னும் 8 கிரெடிட்

ஆலங்கட்டி மழையில் எங்கள் வீட்டுக் கூரை போய்விட்டது. ஹூஸ்டனில் இது நடப்பதுதான். புதுக் கூரை போட வந்த ஐந்து பேரில் மூத்தவர் மெக்சிகோக்காரர், வயது 64. மற்றவர்கள் அவரை 'மாயெஸ்த்ரோ' என்று கூப்பிட்டார்கள். நம்ம மேஸ்திரிதான். நமக்கு அந்தச் சொல் போர்த்துகீசியரிடமிருந்து வந்தது, வேர் ஒன்றே.

மதியம் மரநிழலில் உட்கார்ந்து முழங்கால் பட்டையைக் கழற்றினார். இரண்டு முட்டியும் வீங்கிப் பளபளத்தன. எப்போது ஓய்வு என்று கேட்டேன். "இன்னும் 8 கிரெடிட்" என்றார்.

அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் வாங்க 40 கிரெடிட் வேண்டும். கணக்கில் காட்டி, வரி கட்டிச் சம்பாதிப்பதற்குச் சேரும் புள்ளி அது, வருடத்துக்கு அதிகபட்சம் 4. 39 இருந்தாலும் ஒரு டாலர் கிடையாது. இவருக்கு கிரீன்கார்டு வந்து 8 வருடம்தான் ஆகிறது. அதற்கு முன் செய்த வேலைக்கெல்லாம் கூலி கையில் ரொக்கம், கணக்கில் எதுவும் இல்லை. 66 வயதில் 40 நிறைந்தாலும், அதிகம் சம்பாதித்த 35 வருடத்தின் சராசரியைத்தான் பார்ப்பார்கள். இவருக்கு அதில் 25 வருடம் பூஜ்யம்.

குடியேற்றக் காகிதம் இல்லாமல், தங்களுடையதல்லாத சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் காட்டி வேலை செய்பவர்கள் நிலை இன்னும் மோசம். நம்மைப் போலவே அவர்கள் சம்பளத்திலும் இந்த ஓய்வூதியத்துக்காக 6.2% பிடிக்கிறார்கள். காகிதம் கைக்கு வரும்வரை திரும்ப எதுவும் வராது. இரு நாட்டு வேலை வருடங்களையும் சேர்த்துக் கணக்கிட மெக்சிகோவோடு 2004-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது, இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. இந்தியாவோடும் அப்படி ஒன்று கிடையாது. பத்து வருடம் முடியுமுன் ஊர் திரும்பும் ஹெச்1பி வேலை விசாவில் வந்த நம் பிள்ளைகள் கட்டிய பணமும் இப்படித்தான் போகிறது. ஆனால் அவர்களுக்கு வயதிருக்கிறது, முட்டி நன்றாக இருக்கிறது.

முழு ஓய்வூதிய வயதை 65-லிருந்து 67 ஆக்க 1983-ல் சட்டம் போட்டார்கள். இப்போது 69, 70 என்று பேச்சு அடிபடுகிறது. மனிதர்கள் அதிக காலம் வாழ்கிறார்களாம். சரி, இவரைப் போல ஸ்பானிஷ் பேசும் நாடுகளிலிருந்து வந்த ஹிஸ்பானிக் மக்கள் வெள்ளையர்களைவிடச் சராசரியாகக் கூடுதல் காலம் வாழ்வதும் உண்மைதான். அதற்காக 69 வயதில் டெக்சாஸ் வெயிலில் கூரைமேல் மண்டியிட முடியுமா? நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிற என்னைப் போன்றவர்களை மனதில் வைத்துப் போடும் கணக்கு இது. எனக்கு அது நியாயமாகவே படவில்லை.

65 வயதில் வரும் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரிலும் ஆஸ்பத்திரிச் செலவுக்கான பகுதி பிரீமியம் இல்லாமல் கிடைக்க அதே 40 கிரெடிட்தான் வேண்டும். முட்டி ஆபரேஷனை அதுவரை தள்ளிப்போட்டிருக்கிறாராம். சொல்லிக்கொண்டே பட்டையை மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏணியைப் பிடித்தார்.