கையாலையை நீக்கினான்

செல்லப்பன்: மக்களே, மனுவுக்குப் பதில் வந்தாச்சு. வாசிச்சுப் பாரு, எனக்கு நெஞ்செரியுது.

விமலா: "எதிர்மனுதாரர் மேற்படி கையாலையை நீக்கிவிட்டதாக மனுதாரரே தெரிவித்துள்ளதால் மேல்நடவடிக்கை தேவையில்லை என மனு முடிக்கப்படுகிறது." அண்ணாச்சி, இந்த மனு நான் எழுதினதில்லியே?

செல்லப்பன்: உனக்கு எதுக்கு 50 ரூவான்னு நானே எழுதிப் போட்டேன். உள்ளதத்தான எழுதினேன்? வடக்க உள்ளவன் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்க எல்லைச் சுவர, அந்தக் கையாலைய நீக்கினான். வருசா வருசம் நீக்குகான்.

விமலா: நமக்கு நீக்குகதுன்னா தள்ளி வைக்கது. பஸ்ஸுல "கொஞ்சம் நீங்கி நில்லு"ன்னா நாம தள்ளி நிப்போம். ஆபீசுல இருக்க சாருக்கு ஊரு மதுரைக்கு அந்தப் பக்கம். அவருக்கு நீக்குகதுன்னா இல்லாம ஆக்குகது. கையாலையே இல்லேன்னா அண்ணாச்சிக்கு என்ன கொறைன்னு ஃபைல மூடிட்டாரு.

செல்லப்பன்: செரி, பெரிய வார்த்தையாப் போடு. பேப்பர்ல வருமே, கையகப்படுத்தினான்னு.

விமலா: அது சர்க்கார் செய்யுகது. காவல்கிணறு–களியக்காவிளை நாலுவழிச்சாலைக்கு எடுத்தாவல்லா? முதல்ல நெலம் எடுக்கப் போறோம்னு 3ஏ அறிவிப்பு. ஆட்சேபம் சொல்ல 21 நாள். ஒரு வருசத்துக்குள்ள எடுத்தாச்சுன்னு 3டி அறிவிப்பு. 3டி வந்த அன்னைக்கே நெலம் சர்க்காருக்கு. பணம் வந்துருக்காது, நீங்க உள்ள இருந்து கஞ்சி குடிச்சிட்டு இருப்பியோ, ஆனா நெலம் உங்களுக்கில்ல. இவன் கையகப்படுத்தினான்னு எழுதினா, நஷ்டஈடு எவ்வளவு வாங்கினேன்னு உங்கள கேப்பாவ.

செல்லப்பன்: எங்க அப்பா பொன்னும்விலைன்னு சொல்லுவாவ.

விமலா: திருவிதாங்கூர் பேச்சு. 1956ல இந்தப் பக்கம் சேர்ந்த பொறவு ஆர்ஜிதம்னு கேட்டோம். பொறவு கையகப்படுத்தல். இப்ப ஆபீஸ் போர்டுல நில எடுப்பு. பொன்னும் போச்சு, விலையும் போச்சு, எடுப்பு மட்டும் நிக்குது.

செல்லப்பன்: அப்ப ஜப்தி பண்ணினான்னு போடு.

விமலா: ஜப்தி கோர்ட்டு செய்யுகது. அதும் நெலத்தத் தூக்கிட்டுப் போவாது. தண்டோரா அடிச்சு, நெலத்துலயும் கோர்ட்டுலயும் நோட்டீசு ஒட்டி, விக்காதே, ஒற்றி வைக்காதேன்னு சொல்லும். நீங்க அங்கயே கெடக்கலாம், ஏலம் போற வரைக்கும்.

செல்லப்பன்: கடன் கெட்டலேன்னா பாங்குக்காரன் போடுவானே, சுவாதீனம்?

விமலா: அதுக்கு 60 நாள் நோட்டீசு குடுக்கணும். பொறவு வாசல்ல ஒட்டி, ரெண்டு பேப்பர்ல விளம்பரம், அதுல ஒண்ணு தமிழ்ப் பேப்பர். இவன் ரெண்டு பேப்பர்ல விளம்பரம் குடுத்துட்டா கையாலை கெட்டினான்?

செல்லப்பன்: ராத்திரி ரெண்டு மணிக்குக் கெட்டினான்.

விமலா: ராத்திரி கெட்டினாலும் பகல்ல நிக்குதுல்லா. நீங்களும் பாத்துட்டுத்தான இருந்தியோ? அங்கதான் எடவாடு. எல்லாரும் பாக்க, உங்க சம்மதம் இல்லாம, இது எனக்குள்ளதுன்னு விடாம 12 வருசம் வெச்சிருந்தா எதிரிடை அனுபோகம்னு அவன் பேசலாம். அப்படி வெச்சிருக்கவன் தானே கேசும் போடலாம்னு 2019ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லியாச்சு.

செல்லப்பன்: ஓடைக்கும் 12தானா?

விமலா: சர்க்கார் நெலம்னா 30. அதும் லேசில நிக்காது. ஏன் கேக்கியோ?

செல்லப்பன்: சும்மா.

விமலா: எத்தர வருசமா நடக்கு?

செல்லப்பன்: 14. எடவப்பாதி மழையில இடியும். ஓணத்துக்கு முன்ன அரையடி தெக்க நீக்கிக் கெட்டுவான்.

விமலா: தள்ளிக் கெட்டுவான்.

செல்லப்பன்: தள்ளி நீக்கிக் கெட்டுவான்.

விமலா: நீளம்?

செல்லப்பன்: 60 அடி.

விமலா: வருசத்துக்கு 30 சதுர அடி. 14 வருசத்துல 420. ஒரு சென்டுன்னா 435.6. இன்னும் ஒரு மழை பெஞ்சா சென்டு முழுசு. முதல்ல போன துண்டுக்கு 12 வருசம் தாண்டியாச்சு, அத அவன் விடமாட்டான். போன வருசம் போனது உங்களுக்கு. எது எங்க முடியுதுன்னு கண்டுபிடிக்கது வரைக்கும் எல்லாம் வக்கீலுக்கு.

செல்லப்பன்: அப்ப என்ன செய்ய?

விமலா: முதல்ல அளவுக்குப் பணம் கெட்டுங்கோ. சர்வேயர் வரும்போ அவனுக்கும் நோட்டீசு போயிருக்கான்னு பாருங்கோ, இல்லேன்னா அளந்தது செல்லாதும்பான். கையாலையில இருந்து டேப்பு பிடிக்க விடாதீங்கோ. அது நடக்குத கையாலை. புலப்படத்துல, அதான் சர்வே ஆபீசு வரைபடத்துல உள்ள எல்லைக் கல்லுல இருந்து பிடிக்கணும். கல்லு இருக்கா?

செல்லப்பன்: இருக்கு. அவன் வீட்டுல துணி தோய்க்கான் அதுல.

விமலா: செரி, பக்கத்து சர்வே நம்பர்ல நிக்க கல்லுல இருந்து பிடிச்சாலும் கணக்கு வரும். ஆனா நீங்களே போய் அந்தக் கல்ல எடுத்து நடாதீங்கோ. பொறவு கல்ல மாத்தினது நீங்கன்னு ஆவும்.

செல்லப்பன்: நான் ஏன் நீக்குகேன்?

விமலா: அந்த வார்த்தைய விடுங்கோ அண்ணாச்சி.

செல்லப்பன்: ஆக்கிரமிச்சான்னு போட்டா?

விமலா: பேப்பர்ல எல்லாத்துக்கும் அதுதான். ஆபீசுல அது புறம்போக்குக்குள்ள வார்த்தை. குளம், ஓடை, ரோடு. அதும் ஓலைப்புரை கெட்டினவனுக்கு மட்டும். அதே எடத்துல மூணு மாடி கெட்டினா அதுக்குப் பேரு வரன்முறை. உங்க மனுவுல "என் பட்டா நிலத்தில் அத்துமீறி நுழைந்து, கையாலையை என் பக்கம் தள்ளிக் கட்டி, அனுபவித்து வருகிறார்"னு போடுகேன். பட்டாவத் தாங்கோ. ஹெக்டேர் கணக்குல 0.02.43. ஆறு சென்டு. இப்ப வீடும் தொழுத்தும் தென்னையும் சேத்து எவ்வளவு இருக்கும்?

செல்லப்பன்: ஆறு.

விமலா: வடக்க ஒரு சென்டு போயாச்சு.

செல்லப்பன்: போயாச்சு.

விமலா: பொறவும் ஆறா?

செல்லப்பன்: ...

விமலா: தெக்க என்ன அண்ணாச்சி?

செல்லப்பன்: ஓடை. அது தன்னால கொஞ்சம் நீங்கிச்சு.

விமலா: நம்ம நீங்கிச்சா, ஆபீசு நீங்கிச்சா?